ஜூலின் இரண்டும் லூக்காவின் நாலும்

ஜூலின் இரண்டு கைகளும் மோட்டார்சைக்கிளின் எலும்புக்கூட்டுக்குள் நுழைந்திருந்தன. பெட்ரோல் டேங்க் கழற்றப்பட்டுச் சாக்கின்மேல் கிடந்தது. இடது கை, ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை அசையாமல் பிடித்துக்கொள்ள, வலது கை புது ப்ளக் ஒயரின் முனையை அதற்குள் திருகி ஏற்றியது. பழைய ஒயர்கள் உப்புக் காற்றில் காய்ந்து, வளைத்த இடத்திலெல்லாம் வெடித்திருந்தன. அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவை போட்டார். இடப்பக்கக் காயிலிலிருந்து இடப்பக்கத்து இரண்டு சிலிண்டருக்கு, வலப்பக்கக் காயிலிலிருந்து வலப்பக்கத்து இரண்டுக்கு. பார்க்க ஒழுங்காக இருந்தது.

"எல்லாம் நாலு நாலு. நாலு ப்ளக்கு, நாலு கார்புரேட்டர், நாலு சைலன்சர். ஒரு மனுஷனத் தூக்கிட்டுப் போறதுக்கு எதுக்குடா நாலு பேரு? நாலு பேரு தூக்கறது ஒரே ஒரு தடவதான்" என்றார் ஜூல்.

ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், தலைமாடு உயர்த்திய கட்டிலில் லூக்கா படுத்திருந்தார். வண்டி அவருடையது. பதில் வரவில்லை. எட்டு மாதமாக வரவில்லை.

முன்பென்றால் இந்தப் பேச்சுக்கு லூக்கா ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். இருவரும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வெளிநாட்டில் வேலை முடித்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர்கள். தெருவில் இருவரையும் சிப்பாய் என்ற பொருளில் 'சொல்தா' என்பார்கள். ஜூல் ஜெர்மனியில் இருந்தபோது வாங்கியது இரண்டு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ. எஞ்சினின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கை நீட்டியதுபோல் சிலிண்டர்கள் வெளியே நிற்கும். லூக்கா துலூஸில் வாங்கியது நாலு சிலிண்டர் ஹோண்டா. வரிசையாக நாலும் அடுக்கி, முன்னால் நாலு குழாய் பளபளவென்று வளைந்து இறங்கும். இரண்டு வண்டியும் கப்பலில் ஊருக்கு வந்தன. வந்த நாளிலிருந்து சண்டை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் லாஸ்பேட்டை விமான நிலைய ரோட்டுக்குப் போவார்கள். விமானம் வராத விமான நிலையம், ரோடு காலியாக இருக்கும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொடங்குவார்கள்.

"என் டேங்கு மேல தண்ணி ரொப்பி டம்ளர் வச்சா ஒரு சொட்டு சிந்தாது. உன் வண்டி கண்ணாடியில பாத்தா பின்னாடி வர்ற ஒரு லாரி மூணா தெரியுது" என்பார் லூக்கா.

"மூணா தெரிஞ்சா என்னா, ஜாக்கிரதையா ஒதுங்குவேன். மார்க்கெட் கூட்டத்துல மூணாவது கியர்லயே உருட்டிக்கிட்டு வருவேன், முக்காது முனகாது. உன்னுது கத்தினாத்தான் நகரும். அப்புறம் டேப்பெட்டு. நான் முக்காலி போட்டு உக்காந்து, காப்பி குடிச்சிக்கிட்டே சரி பண்ணிடுவேன். நீ வண்டியையே அவுத்துப் போடணும்."

"அவுக்க வேண்டி வந்தாத்தானே?"

"அதுதான்டா உன் வண்டியில கோளாறே. ஒரு சிலிண்டர் செத்து ஒரு மாசம் ஆனாலும் மிச்சம் மூணும் இழுத்துக்கிட்டு ஓடும். உனக்கே தெரியாது. என்னுதுல ஒண்ணு நின்னுச்சுன்னா அடுத்த நிமிஷம் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சு? நடுரோட்டுல நிப்பே. நான் வீடு வந்து சேந்துடுவேன்."

இப்படியே இருபது இருபத்தைந்து வருஷம். ஜூலின் மனைவி ஏவ்லின் இறந்த பிறகு, ஒன்று நின்றால் நடுரோட்டில் நிற்கவேண்டும் என்ற அந்த ஒரு வாதத்தை மட்டும் லூக்கா எடுக்கவில்லை. மற்ற எதையும் விடவும் இல்லை.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார் லூக்கா. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. டாக்டர் கட்டிலருகே நின்று, "கையத் தூக்குங்க, கண்ண மூடுங்க, இவரு யாரு தெரியுதா" என்று கேட்டார். லூக்கா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூளையில் புரிந்துகொள்ளும் இடமே அடிபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

அதன்பின் வீட்டுக்குச் செல்வாம்பாள் வந்தாள். வில்லியனூர்ப் பக்கத்துக்காரி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பாள். கஞ்சியைத் தண்ணீராகக் கொடுக்காமல் கெட்டியாகக் கரைத்து, இடது கன்னத்துப் பக்கமாக ஊட்டி, விழுங்கியாயிற்றா என்று பார்த்து அடுத்த கரண்டி வைப்பாள். மடங்கிப்போகும் வலது கைக்குள் துணிச்சுருள் வைப்பாள். எட்டு மாதத்தில் படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை.

ஜூல் தினமும் மத்தியானம் வருவார். கட்டிலருகே நாற்காலி போட்டுச் சண்டையைத் தொடருவார். தன் பக்கமும் பேசி, லூக்காவின் பக்கமும் அவரே பேசுவார்.

"நீங்களே கேக்கறீங்க, நீங்களே பதில் சொல்றீங்க. ஒரு நாளாவது அவரை ஜெயிக்க விடுங்க முசியே" என்பாள் செல்வாம்பாள்.

"அவன் ஜெயிச்சா வாய மூட மாட்டான். உனக்குத் தெரியாது" என்பார் ஜூல்.

வேறு யாரிடம் பேசுவது? கூடவே திரும்பிய சொல்தாக்களில் பாதிப் பேர் கல்லறையில், மிச்சப் பேர் பிள்ளைகளோடு பிரான்சில். ஜூலுக்குப் பிள்ளை இல்லை. தெருவில் எல்லோரும் நின்று வணக்கம் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குருசுக்குப்பம் முனையில் இருக்கும் அவர் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்குக் கடிகாரச் சத்தமும் மீன் வலை இழுப்பவர்களின் குரலும்தான் கேட்கும். அதனால்தான் மூன்று மணிக்கு அவர் வீட்டில் இருப்பதில்லை.

போன வாரம் லூக்காவின் மகள் க்ளோயே துலூஸிலிருந்து வந்தாள். அங்கே பள்ளியில் வேலை. சின்ன வயதிலிருந்தே ஜூலை அவள் 'தோந்தோன்' என்று கூப்பிடுவாள், அவளுக்கு அவர் சித்தப்பா மாதிரி. வந்த மறுநாளே அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க ஊர்ல ஒரு நிலையம் இருக்கு தோந்தோன். பக்கவாதம் வந்தவங்களுக்குக் கை பழக்குவாங்க, பேச்சு பழக்குவாங்க. அப்பாவுக்கு உரிமை இருக்கு. ஆனா கொஞ்சமாவது புரிஞ்சுக்கிறவங்களத்தான் சேத்துப்பாங்களாம். ஒரு சின்ன அடையாளம் போதும், நான் அவரைத் தூக்கிட்டுப் போயிடுவேன். நானும் ராத்திரி பகலா பாத்துட்டேன். இல்ல."

"இல்லதான்" என்றார் ஜூல்.

"அப்போ இங்கயே இருக்கட்டும். செல்வாம்பாள் நல்லா பாத்துக்கறாங்க. நீங்க இருக்கீங்க."

ஜூல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு வஞ்சிரத் துண்டு வறுத்துச் சாப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது.

ஓட்ட ஆளில்லாமல் துருப்பிடிக்கிறதே என்று வண்டியை விற்க ஏற்பாடு செய்திருந்தாள் க்ளோயே. நாளைக் காலை சென்னையிலிருந்து ஆள் வருகிறார். வண்டி ஓடிக் காட்டவேண்டும். அதற்காகத்தான் ஜூல் கார்புரேட்டர்களைச் சுத்தம் செய்து, புதுப் பேட்டரி போட்டு, இப்போது ஒயரையும் மாட்டி முடித்தார். டேங்கைத் தூக்கி வைத்துக் குழாயைச் செருகினார். வீட்டில் வேறு யாருமில்லை. துணி, மருந்து, பஞ்சு என்று மாதச் சாமான் வாங்கச் செல்வாம்பாளைக் கூட்டிக்கொண்டு க்ளோயே நேரு வீதிக்குப் போயிருந்தாள்.

பொத்தானை அழுத்தினார். எஞ்சின் இருமியது, பிடித்தது. ஆனால் என்ன சத்தம் அது! நொண்டி மாடு மாதிரி ஒரு அடி, ஒரு தடுமாற்றம், பின்னால் சைலன்சரில் ஒரு வெடி. முருங்கை மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஜூல் வாளித் தண்ணீரில் விரலை நனைத்து ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் தெளித்தார். முதல் குழாயில் 'சொர்' என்றது. இரண்டாவதில் தண்ணீர் அப்படியே வழிந்தது. மூன்றாவது கொதித்தது. நாலாவது ஜில்லென்று இருந்தது.

"ரெண்டு கார்புரேட்டர் அடைச்சிக்கிச்சு. மறுபடியும் அவுக்கணும். பாத்தியாடா நாலோட லட்சணத்த?" என்று ஜன்னலைப் பார்த்துத் திட்டினார்.

அப்போதுதான் உள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்ட சத்தம்.

ஜூல் எஞ்சினை அணைத்துவிட்டு ஓடினார். புரையேறினால் என்ன செய்வதென்று செல்வாம்பாள் சொல்லிக் கொடுத்திருந்தாள். தோளைப் பிடித்து இடது பக்கம் ஒருக்களித்துச் சாய்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். எதுவுமில்லை. முகம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

லூக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

முகத்தின் வலது பாதி செத்துக் கிடந்தது. இடது பாதியில் கன்னம் ஏறி, கண் சுருங்கி, எச்சில் ஒழுக, வயிறு குலுங்கச் சிரித்தார். ஜூல் பிடித்த பிடியை விடவில்லை. சிரிப்பு அடங்கியதும் லூக்காவின் இடது கை படுக்கையை விட்டு மெல்ல எழுந்தது. கட்டைவிரலை மடக்கி, நாலு விரலையும் ஜூலின் மூக்குக்கு நேரே நிறுத்தினார். பிறகு நடுவிலிருந்த இரண்டு விரல்கள் மடங்கின. ஓரத்து இரண்டும் நின்றன.

டீக்கடை பெஞ்சில் நூறு முறை காட்டிய கை அது. ஓரத்துப் பிஸ்டன் இரண்டும் சேர்ந்து ஏறும், நடுவில் இருக்கிற இரண்டும் சேர்ந்து இறங்கும். ஓரத்து இரண்டுக்கும் ஒரு காயில், நடு இரண்டுக்கும் ஒரு காயில். ஜூல் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்ளத் தேவையும் இருந்ததில்லை. அவர் வண்டியில் இருப்பது இரண்டே ஒயர், இரண்டு ப்ளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி விழும், எந்த ஒயரை எதில் செருகினாலும் ஓடும். அந்தப் பழக்கத்தில் பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்து மாட்டியிருக்கிறார். லூக்காவின் நாலு சிலிண்டர் இவர் கைபட்டு இரண்டு சிலிண்டராக ஓடியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் லூக்கா சிரித்திருக்கிறார்.

ஜூல் வெளியே போய் இரண்டாவது ஒயரையும் நாலாவது ஒயரையும் மாற்றிச் செருகிப் பொத்தானை அழுத்தினார். சத்தம் ஒரே இழையாக எழுந்தது, தையல் மிஷின் ஓடுவதுபோல. ஜன்னல் வழியே பார்த்தார். லூக்காவின் கை இறங்கியிருந்தது, கண் மூடியிருந்தது. கவனித்துக் கேட்பவனின் முகம்.

ஜூல் உள்ளே திரும்பி வந்து குனிந்தார். "லூக்கா. என்னத் தெரியுதாடா?"

லூக்கா மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் யாரு? கையத் தூக்கு. தூக்குடா."

கை தூக்கவில்லை. சொல் உள்ளே போகவில்லை. எஞ்சின் சத்தம் போகிறது. ஜூல் துண்டை எடுத்து லூக்காவின் வாயைத் துடைத்தார், கழுத்து மடிப்பையும் துடைத்தார், தலையணையை நேராக்கினார். செய்ய வேறெதுவும் இல்லாததால் மறுபடி ஒருமுறை வாயைத் துடைத்தார்.

ஆட்டோ வந்து நின்றது. பைகளோடு இருவரும் இறங்கினார்கள்.

"ஓடுதே! தெருமுனையிலயே கேட்டுச்சு. மெர்சி தோந்தோன்!" என்றாள் க்ளோயே. "அப்பா எப்படி இருந்தாரு?"

"தூங்கினான்" என்றார் ஜூல்.

செல்வாம்பாள் கட்டிலருகே போய்ப் பார்த்தாள். "என்னா முசியே, வாய் கழுத்தெல்லாம் பளிச்சின்னு இருக்குது. எனக்குப் போட்டியா?"

ஜூல் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினார்.

கடற்கரைக்குப் போனார். கட்டுமரங்களை மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து நகத்துக்குள்ளிருந்த கரியைச் சுரண்டினார். யோசிக்க யோசிக்கக் காரணங்கள் வந்தன. துலூஸில் குளிர். அறுபத்தெட்டு வயசு உடம்பை அவ்வளவு தூரம் ஏற்றி இறக்க முடியுமா? சிரித்தான் என்பதற்காகப் பேசிவிடுவானா? இங்கே செல்வாம்பாள் இருக்கிறாள். அங்கே யாரோ வெள்ளைக்காரி வந்து புரட்டிப் போடுவாள். ஒவ்வொரு காரணமும் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் க்ளோயே வெள்ளிக்கிழமை போய்விடுவாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போடலாம். வாயைத் திறந்தால், மூன்று மணிக்கு எங்கே போவது?

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார். ரொட்டியை வெட்டினார், முட்டையை உடைத்தார். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. எட்டு மாதம் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து இவர் என்னென்னவோ பேசியிருக்கிறார். டாக்டர் பேசியிருக்கிறார், க்ளோயே அழுதிருக்கிறாள். அத்தனை நாளும் லூக்கா உள்ளேயேதான் இருந்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி ஒன்று இரண்டு சிலிண்டரில் நொண்டியபோது அவர் ஒருவர்தான் சிரித்தார், சிரித்ததைப் பார்த்தது இவர் ஒருவர்தான்.

உடைத்த முட்டையை மூடி வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் சென்னை ஆள் வருவதற்கு முன்பே ஜூல் போய்விட்டார். க்ளோயே வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் நேரே வண்டியருகே குந்தி இரண்டாவது ஒயரையும் நாலாவது ஒயரையும் பிடுங்கினார்.

"ஏன் தோந்தோன்? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. நீ வாயக் கொப்புளிச்சிட்டு உங்கப்பன் பக்கத்துல போய் நில்லு. வண்டியப் பாக்காத, அவனப் பாரு."

ஒயர்களை மாற்றிச் செருகினார். எஞ்சின் நொண்டியது, வெடித்தது. ஜன்னலுக்கு உள்ளே க்ளோயே டவலும் கையுமாக நின்றாள். லூக்கா கண்ணைத் திறக்கவில்லை. ஜூல் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினார். வெடிச் சத்தம் கூடியது. ஒன்றுமில்லை.

"இப்பத்தான் மருந்து குடுத்தேன் முசியே, தூங்கறாரு. எதுக்கு இந்தச் சத்தம்? பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க" என்று செல்வாம்பாள் கத்தினாள்.

க்ளோயே அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. கிழவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்ற இரக்கம். இத்தோடு அணைத்துவிட்டுப் போகலாம். செய்யவேண்டியதைச் செய்தாயிற்று, அவன் எழவில்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஜூலின் கை சாவிவரை போயிற்று.

சாவியைத் தொடாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"டேய் லூக்கா! கேளுடா! உன் நாலு இப்ப ரெண்டா ஓடுது! ரெண்டே போதும்னு நான் அன்னிக்கே சொல்லல? ஜெயிச்சிட்டேன்டா!"

அவர் சொன்னது போய்ச் சேர்ந்ததா, எஞ்சின் சத்தம்தான் போய்ச் சேர்ந்ததா, தெரியாது. இடது புருவம் சுருங்கியது. கண் திறந்தது. போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. நாலு விரல். நடு இரண்டும் மடங்கின, ஓரத்து இரண்டும் நின்றன. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. கோபம். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்த முட்டாளிடம் அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"பப்பா?" என்றாள் க்ளோயே. கையிலிருந்த டவல் விழுந்தது. "தோந்தோன், அவரு என்ன சொல்றாரு?"

"ஒயரத் தப்பா மாட்டியிருக்கேன்னு சொல்றான். ஓரத்து ரெண்டும் ஒரு ஜோடி, நடு ரெண்டும் ஒரு ஜோடி. சரியாத்தான் சொல்றான்."

"அடப்பாவி மனுஷா" என்றாள் செல்வாம்பாள் லூக்காவிடம். "எட்டு மாசமா எங்கிட்ட ஒரு விரல் காட்டல நீ." சொல்லிவிட்டு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அவர் தலையணையை உயர்த்தினாள், இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று.

க்ளோயே அழுதாள், போனை எடுத்தாள், அங்கே இப்போது விடியற்காலை என்று வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஜூல் அதற்குள் எஞ்சினை அணைத்து ஒயர்களைச் சரியாக மாட்டி, திரும்பவும் ஓடவிட்டார். நாலும் ஓடின. லூக்கா கையை இறக்கினார்.

"தோந்தோன், அப்பாவோட பாஸ்போர்ட் எங்க இருக்கும்?" என்று உள்ளிருந்து க்ளோயே கேட்டாள். "அலமாரி பூரா தேடிட்டேன்."

ஜூல் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். லூக்காவின் குளிர்காலக் கோட்டு அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் பையில் இருந்தது. அதன் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். கோட்டையும் எடுத்து உதறி, பூச்சி அரித்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, வெயிலில் போட வெளியே கொண்டுபோனார்.